கொழுக்கி பாஸ்

வெள்ளைச் சேலையோடு ஒரு பிக்கப் வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்த மருத்துவமாது மட்டக்களப்பு மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். படுக்கவைத்தவர் கொழுக்கி பாஸ். தச்சு வேலையோ கொத்து வேலையோ இரும்பு வேலையோ, கைவேலை தெரிந்த ஆளை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இவர் செய்தது ஒரே ஒரு வேலை. வண்டிக்குப் பின்னால் எதையாவது பூட்டி இழுத்துப் போவதற்குக் கொழுக்கி வைத்துக் கொடுப்பார். ஆகவே கொழுக்கி பாஸ். சொந்தப் பெயர் ஒன்று மாதா கோயில் பதிவேட்டில் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடி விழாமலிருக்கச் சைக்கிள் டியூப்பைக் கீறிப் பின்னந்தலையில் கட்டியிருப்பார். வண்டிகளுக்குக் கீழேயே கிடந்து பழகியதாலோ என்னவோ, எழுந்து நிற்கும்போதும் தலையைக் கொஞ்சம் குனிந்தே வைத்திருப்பார். கல்லடிப் பாலத்துக்குப் போகிற வழியில் வாவிக் கரையோரம் அவருடைய பட்டறை. கூரைத் தகரத்தில் பாதி சுனாமியில் போய், மீதிப் பாதியை வைத்து ஒப்பேற்றிய கொட்டில் அது. பேச்சு குறைவு. பேசினால் முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்.

"என்ன இழுக்கப் போறீங்க?"

"சும்மா ஒரு கொழுக்கி போட்டு விடுங்க பாஸ்" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. அந்தச் 'சும்மா'வைப் பிடித்துக்கொள்வார்.

"சும்மா எண்டு ஒண்டு இல்ல. தோணியா, தண்ணித் தாங்கியா, மிசினா? எத்தின பேர் தூக்கினா அது நிலத்த விட்டு எழும்பும்? எந்த ரோட்டால போகும்?"

இவ்வளவுக்கும் பதில் கிடைக்காமல் ஒரு நட்டைக்கூடக் கையில் எடுக்கமாட்டார். வந்தவர் வீட்டுக்குப் போய், தோணியைச் சுற்றி ஆட்களை நிறுத்தித் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து, "ஒம்பது பேர் பாஸ்" என்று சொல்வதை நானே கண்டிருக்கிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் இழுத்துப் போக ஏதோ ஒன்று இருந்தது. புதுத் தோணிகள், தண்ணீர்த் தாங்கிகள், ஜெனரேட்டர்கள், கொங்கிரீட் குழைக்கிற மெசின்கள். நிவாரண நிறுவனங்களின் வண்டிகள் வரிசையில் நின்றன. தெருமுனை வெல்டிங் கடைகளில் பம்பரில் ஒரு இரும்பைப் பற்றவைத்து ஒரு மணித்தியாலத்தில் அனுப்பிவிடுவார்கள். பாஸுக்கு இரண்டு நாள் வேண்டும். பம்பரைத் தொடவேமாட்டார். "பம்பர் வண்டிக்குப் போட்ட பவுடர். அதில போய்ப் பாரத்தத் தொங்க விடுறதா?" என்பார். வண்டியின் அடிச்சட்டமான செசியில் துளை போட்டு, துளையின் விளிம்பில் துரு ஏறாமல் பெயின்ட் பூசி, எட்டு நட்டு இறுக்குவார். பின்னால் வருகிற பெட்டி மூக்கு நிமிராமலும் மூக்குக் குத்தாமலும் மட்டமாக வரவேண்டும் என்று கயிறு பிடித்து உயரம் பார்ப்பார். முன்னால் பிரேக் பிடித்தால் பின்பெட்டியிலும் சிவப்பு லைட் எரிய வயர் இழுப்பார். கொழுக்கி தப்பினாலும் பெட்டி தன்பாட்டில் ஓடிவிடாமலிருக்க இரண்டு சங்கிலி, ஒன்றுக்கொன்று குறுக்காக. நூறு மைல் ஓடியதும் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும். வராதவர்களின் வீட்டுக்கு நட்டு இறுக்குகிற சாவியோடு அவரே போய்விடுவார்.

இதெல்லாம் நல்ல வேலைக்காரர் யாரும் செய்யக்கூடியதுதான். அவரைப் பற்றி ஊர் சிரித்தது வேறொன்றுக்காக. வேலை முடிந்ததும் வண்டிக்குக் கீழே ஒரு யூரியாச் சாக்கை விரிப்பார்.

"படுங்க. படுத்துப் பாருங்க."

சொந்தக்காரர் கீழே போய், எட்டு நட்டையும் கையால் தொட்டு, வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணி முடிக்காமல் சாவி கிடைக்காது. கோயில் ஃபாதர் அங்கியோடு படுத்து எண்ணினார். ஒரு நிறுவனத்தின் வெள்ளைக்கார அதிகாரி தன்னுடைய நீண்ட காலை மடக்கத் தெரியாமல் அரை மணி நேரம் பாடுபட்டுப் படுத்தார். மண்டூரிலிருந்து டிராக்டர் கொண்டுவந்த பெரிய வயல்காரரான போடியார் மட்டும் மறுத்துவிட்டார்.

"என்ட முதுகு ஏலா பாஸ். நான் உங்கள நம்புறன்."

"என்ன நம்பி என்ன செய்யிற? நாளைக்கு ரோட்டுல உங்களோட நானா வரப்போறன்?"

போடியார் வேப்பமரத்தின் கீழே இரண்டு மணித்தியாலம் முறுக்கிக்கொண்டு இருந்தார். கடைசியில் கூட வந்த அவருடைய மனைவி, "தள்ளுங்க" என்று சேலையைச் செருகிக்கொண்டு கீழே போய் எட்டையும் எண்ணிவிட்டு வந்தா. அதற்குப் பிறகு வயல் வட்டையிலிருந்து நெல் மூட்டை ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் அந்த அம்மா குனிந்து பார்த்துத்தான் டிராக்டரை விடுகிறாவாம். வீட்டில் தன் மரியாதை போய்விட்டது என்று போடியார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பின்னாளில் ஒரு சோதனைச் சாவடியில் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாஸின் ஜீப்பில் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். ஒரு சிப்பாய் மறித்து, கீழே என்ன இருக்கிறது என்று முறைப்பாகக் கேட்டான். பாஸ் இறங்கி, சாக்கை விரித்து, கையால் காட்டினார். சிப்பாய் துவக்கை மற்றவனிடம் கொடுத்துவிட்டுப் படுத்தான். கீழேயிருந்து சிங்களத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற சத்தம் கேட்டது. எட்டு வந்ததும் பாஸ் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அந்தச் சாவடியில் எங்களைக் கண்டால் "அட்டய்!" என்று எட்டு விரலைக் காட்டிச் சிரித்துவிட்டு விடுவார்கள். அந்தக் காலத்தில் சாவடியில் சிரிப்பு என்பது சாதாரண விஷயமல்ல.

எனக்கும் அவருக்கும் பழக்கம் வந்தது ஒரு சண்டையில். சுனாமிக்குப் பிறகு ஒரு நிவாரண நிறுவனம் நடத்திய நடமாடும் மருத்துவப் பிரிவில் நான் வேலை செய்தேன். வாகரைப் பக்கத்துக் கிராமங்களின் பிள்ளைத்தாய்ச்சிகள் என் பொறுப்பு. சுனாமி நடந்து ஒரு வருடம் கழிந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. இரண்டு சில்லு, வெள்ளைப் பெயின்ட், உள்ளே கட்டில், தண்ணீர்த் தாங்கி, லைட். பிக்கப்புக்குப் பின்னால் பூட்டினால் ஒரு சின்ன ஆஸ்பத்திரியே கிராமத்துக்குப் போகும். பூட்டக் கொழுக்கி வேண்டும். ஒரு புதன்கிழமை வண்டியைப் பாஸிடம் விட்டோம்.

அதற்கு முதல்நாள், செவ்வாய்க்கிழமை, நான் கதிரவெளிக்குப் போயிருந்தேன். வாகரை வரை பஸ், அங்கிருந்து இரவல் சைக்கிள். அங்கே ஒரு பெண், கடலுக்குப் போகிறவனின் மனைவி, எட்டு மாதம். முதல் பிள்ளை சுனாமியில் போனது. இது இரண்டாவது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. வழக்கம்போல மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். ஒன்றுமில்லை. இடம் மாற்றி வைத்தேன். வலப்பக்கம், இடப்பக்கம், தொப்புளுக்குக் கீழே. இருபது வருடம் அந்தக் குழலில் கேட்டவள் நான். குதிரை ஓடுகிற மாதிரிக் கேட்கவேண்டிய சத்தம் எங்கேயும் இல்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன மிஸி, ஓடித் திரியிறானா?" என்று கேட்டாள்.

"புள்ள திரும்பிக் கிடக்குப் போல. சரியாக் கேக்குதில்ல. வெள்ளிக்கிழமை வண்டியோட வாறன், ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லட்டும், என் வாயால் வேண்டாம் என்று நினைத்தேன். அதை இப்போது பூசி மெழுக விரும்பவில்லை. அது கோழைத்தனம்.

வியாழக்கிழமை பட்டறைக்குப் போனால் பிக்கப்பின் சாமான் ஏற்றும் பின்தொட்டியைக் கழற்றி ஒரு பக்கம் வைத்திருந்தார் பாஸ்.

"இந்த வண்டி இழுக்கா மிஸி. இது வெறுமனே ஓடவும் கூடா."

எங்கள் டிரைவர் துள்ளி எழுந்தார். அந்தப் பிக்கப் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. சுனாமியன்று அது கல்லடியில் கடல் தண்ணீரில் முழுக மூழ்கிக் கிடந்தது. அவர்தான் இழுத்தெடுத்து, உப்புப் போகவேண்டும் என்று வாவித் தண்ணீரை வாளி வாளியாக அள்ளி மூன்று நாள் கழுவியிருந்தார். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். மார்கழி மழையில் ஆற்றுத் தண்ணீர் உப்புக் குறைந்து, நல்ல தண்ணீராகவே இருக்கும். வருடா வருடம் அந்த நாட்களில் ஊரே வண்டி கழுவுவது அதில்தான்.

"நான் எத்தின வாளி ஊத்திக் கழுவின பாஸ்! ஆத்துத் தண்ணியில!" என்றார் டிரைவர்.

"அந்த மார்கழி ஆத்துக்குள்ள என்ன வந்தது மனே? கடலெல்லா வந்தது?"

கடல் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு வாவிக்குள் ஏறியதை எல்லாரும் கண்ணால் கண்டோம். ஆனாலும் மார்கழியில் ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்கிற பழக்கம் கையில் ஊறியிருந்தது. கல்லடியில் தப்பிய வண்டிகளில் பாதியை இப்படித்தான் உப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள்.

நான் விடவில்லை. கதிரவெளியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி நாளைக்கு எனக்காகக் காத்திருக்கிறாள், ஒரு பயணம் மட்டும் போய்வருகிறேன், எப்படியாவது பூட்டித் தாருங்கள் என்று கத்தினேன். பாஸ் பட்டறைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக்குள் போனார். வரும்போது கையில் ஒரு பன்பாயும் இரண்டு போர்வையும் இருந்தன. பாயை வண்டிக்குக் கீழே விரித்தார். தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாமல் போர்வைகளைச் சுற்றிக் கட்டினார்.

"படுங்க மிஸி."

கோபத்தோடு படுத்தேன். அவர் மற்றப் பக்கத்தால் வந்து படுத்து, ஒரு சின்னச் சுத்தியலால் செசியைத் தட்டிக்கொண்டே வந்தார். முன்பக்கம் கணீரென்றது. பின்னால் வர வர மொத்தென்றது.

"கேக்குதா? நீங்களும் இதத்தானே செய்யிற? குழல வச்சுக் கேக்கிற. உள்ள என்ன எண்டு வெளியால தெரியாதெல்லா."

கடைசியாகத் தட்டியபோது சுத்தியல் மூக்கு இரும்புக்குள்ளேயே போய்விட்டது. துரு பொரிந்து என் சேலையில் கொட்டியது. வெளியே பளபளவென்று பெயின்ட், உள்ளே ஒன்றுமில்லை. அவர் சுத்தியலை என் கையில் தந்து, "நீங்க தட்டுங்க" என்றார். தட்டினேன். எனக்கு அழுகை வந்தது. செசிக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

மறுநாள் ஹர்த்தால், பஸ் ஓடவில்லை. சாவடியைத் தாண்டுவதற்கான அனுமதி அந்தப் பிக்கப் நம்பருக்குத்தான் இருந்தது. வேறு வண்டிக்கு எடுக்கத் திங்கட்கிழமையாகும் என்றார்கள். பாஸ் தன்னுடைய பழைய ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, நம்பரை எழுதித் தந்தார். திங்கள் காலை அனுமதி கிடைத்ததும் அவரே ஓட்டினார். எங்கள் வெள்ளைப் பெட்டி அந்த ஜீப்புக்குப் பின்னால், பனிச்சங்கேணிப் பாலத்தின் தற்காலிகப் பலகைகள் மேல்கூட மட்டமாக வந்தது. அந்த ரோட்டில் அவ்வளவு ஒழுங்காக ஒரு பெட்டி வந்ததை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்றிரவே பிள்ளை பிறந்தது. உயிரில்லை. தோலைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போனது. ஒரு வாரமாவது ஆகியிருந்தது. காலையில் பாஸ் பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டு வார்டு வாசலுக்கு வந்தார். அவள் சுவரைப் பார்த்தபடி, "வெள்ளிக்கிழமை வந்திருந்தா மிஸி" என்று மட்டும் சொன்னாள். பாஸின் காதிலும் விழுந்தது.

திரும்பி வரும்போது ஓட்டமாவடி வந்தது. அங்கே ஜீப்பை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மூணு நாள் பிந்தினதாலதானே மிஸி?"

நான் "ம்" என்றேன். அந்த ஒரு எழுத்துதான் நான் அவருக்குச் சொன்ன பொய்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் வாசலில் ஜீப் நின்றது. அதற்கடுத்த வெள்ளியும் நின்றது. பிக்கப்பின் செசியை வெட்டித் தகடு வைத்துப் பலப்படுத்தி அவரே தந்தார். ஆனால் பெட்டியை இழுக்க அதை அவர் விடவில்லை. "அது ஊருக்குள்ள ஓடட்டும். இழுக்கிறத என்ட ஜீப் இழுக்கும்" என்றார். நான் தடுக்கவில்லை. வெள்ளிதோறும் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தார். பெண்கள் பெட்டிக்குள் இருக்கும்போது அவர் நூறு முழம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு மரநிழலில் இருப்பார். போகும்போது குண்டு குழிகளை மனப்பாடம் செய்துகொண்டு, வரும்போது வயிற்றுப்பிள்ளைக்காரி ஏறியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் "இப்ப ஒண்டு வருது" என்று சொல்லி இறக்குவார். அந்தப் பயணங்களில் உயிரோடு பிறந்த பிள்ளைகளில் மூன்று பேருக்கு அவர்தான் ஞானத்தகப்பன் மாதிரி. எனக்குச் சில வெள்ளிகளில் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைக்கத்தான் வெட்கம்.

பிறகு சண்டை திரும்ப மூண்டது. வாகரைப் பக்கம் செல் குண்டு விழுந்தது. கதிரவெளிச் சனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காடு கடந்து வந்தார்கள். எங்கள் வெள்ளிக்கிழமை முகாம்களுக்கு மாறியது. அங்கேதான் அந்தப் புருஷன் பெண்சாதியை மறுபடி கண்டேன். ஒரே கூடாரத்தில் இருந்தார்கள். அவள் அவனோடு கதைப்பதில்லை. சோறு ஆக்கி வைத்தால், "சட்டியில இரிக்கி" என்று கூடாரத் துணியைப் பார்த்துச் சொல்வாள். அவன் எடுத்துச் சாப்பிடுவான்.

பெட்டியின் சங்கிலியைப் பாஸ் கழற்றிக்கொண்டிருந்தபோது அவன் வந்து பக்கத்தில் குந்தினான். நான் உள்ளே ஒரு குழந்தையை நிறுத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது.

"அண்டைக்கு வெள்ளிக்கிழமை அவ தன்னத் தோணியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னவ பாஸ். நான்தான், மிஸி வாறன் எண்டவ, வண்டி வரும், பொறு எண்டு சொல்லி மறிச்சன். அதுக்குப் புறகு என்னோட கதையில்ல."

"உன்னில பிழையில்ல தம்பி. வண்டிய விடாதவன் நான்."

"நீங்க என்ன செய்யிற பாஸ். வண்டி உக்கிப் போச்செல்லா."

இரண்டு ஆண்கள், ஒருவர் பிழையை மற்றவர் மேல் போடாமல் தங்கள் தங்கள் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் அதில் பங்கில்லை. ஒரு சொல் சொன்னால் போதும், நான் நாலு முழத்தில் நின்றேன். குழந்தையின் நிறையைக் கொப்பியில் எழுதினேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். முதலில் வெட்கம். செவ்வாய்க்கிழமையே தெரிந்தும் அந்தப் பெண்ணிடம் மழுப்பியதை யாரிடமும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிறகு வந்த காரணம் அதைவிட மோசம். உண்மை தெரிந்தால் அந்த மனிதர் வெள்ளிக்கிழமை வரமாட்டார் என்று பயந்தேன். அவர் வராவிட்டால் ஜீப் இல்லை. ஜீப் இல்லாவிட்டால் பெட்டி நகராது. அவருடைய மனவருத்தத்தைக் கட்டி இழுத்துத்தான் நான் மூன்று வருடம் ஊர் ஊராகப் போனேன்.

யுத்தம் முடிந்த வருடம் ரோட்டைத் திறந்தார்கள். கதிரவெளிச் சனங்கள் அதற்கு முன்பே ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். எங்களுக்குப் புது வண்டி வந்தது. கொழுக்கி, லைட் வயர், சங்கிலி எல்லாம் பூட்டியே அனுப்பியிருந்தார்கள். ஒரு முறை பார்த்துத் தாருங்கள் என்று பாஸின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் கீழே போய் நெடுநேரம் தட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"நல்லாப் பூட்டியிரிக்காங்க மிஸி. செசியோட சேத்துத்தான். வயர்கூட உரஞ்சாம குழாய்க்குள்ளால விட்டிரிக்கான். இனி என்ட ஜீப் உங்களுக்குத் தேவைப்படா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இனி எனக்கு அவர் தேவையில்லை என்று ஆனபிறகுதான் எனக்கு வாய் திறந்தது. இதைவிடக் கேவலமாக ஒரு உண்மையைச் சொல்ல முடியாது. ஆனாலும் சொன்னேன்.

"பாஸ், அந்தக் கதிரவெளிப் புள்ள. வெள்ளிக்கிழமை நாம போயிருந்தாலும் ஒண்டும் செய்திருக்க ஏலா. செவ்வாய்க்கிழமையே அதுக்கு உயிரில்ல. எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும்."

அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். வயது போயிருந்தது.

"மூணு வருசம்" என்றார்.

"சொன்னா நீங்க வரமாட்டீங்க எண்டு நினைச்சன் பாஸ்."

"அத நீங்க கேட்டுப் பாக்கல்லயே மிஸி."

என்னை ஏசுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டி, டியூப்பைப் பின்னால் இழுத்து முடிந்தார்.

"அந்தத் தாய்க்குத் தெரியுமா?"

"இல்ல."

"அவட மனிசனுக்கு?"

"இல்ல."

அழுக்குத் துணியை எறிந்துவிட்டுக் பட்டறை வாசலைத் தகரத்தால் மூடினார்.

"அப்ப என்னத்துக்கு முதல்ல என்னிட்ட வந்த நீங்க? ஏறுங்க."

"இண்டைக்கா பாஸ்? நாளைக்குப் போவமே."

அவர் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். பின்னால் இழுக்க எதுவும் இல்லாமல் அந்த ஜீப்பில் நான் போனது அந்த ஒரு தரந்தான். பனிச்சங்கேணியைத் தாண்டும்போது எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மருத்துவமாதுகளுக்கென்று சில நல்ல சொற்கள் உண்டு. ஒன்றும் பொருந்தவில்லை. பாஸ் ரோட்டையே பார்த்து ஓட்டினார். குழிகளுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார்.

அவள் வீட்டைச் சுற்றிய வளவில் பாய் விரித்து நெத்தலி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்சம் தள்ளிக் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவள் எழுந்து, "வாங்க மிஸி, என்ன இந்த நேரத்தில" என்று முந்தானையால் கையைத் துடைத்தாள். ஜீப் எஞ்சின் நின்ற சத்தம் கேட்டது. நான் உட்காரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை குழலில் எதுவும் கேட்கவில்லை என்றும், எனக்கு அப்போதே விளங்கிவிட்டது என்றும், உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை என்றும், தோணியில் போயிருந்தாலும் வண்டி வந்திருந்தாலும் பிள்ளை தப்பியிருக்காது என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் அழவில்லை. குனிந்து, பாயில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு நெத்தலியைப் பிரித்துப் போட்டாள். என்னை ஏசுவாள், மண்ணை வாரிக் கொட்டுவாள் என்று நின்றேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் நிமிர்ந்து கரைப் பக்கம் திரும்பினாள்.

"இஞ்ச வாங்க!" என்று கூப்பிட்டாள்.

அவன் தன்னைத்தானா என்று ஒரு கணம் விழித்தான். பிறகு வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"எனக்குச் சொன்னத இவருக்கும் சொல்லுங்க மிஸி" என்றாள் அவள்.

பாஸ் ஜீப்பை விட்டு இறங்கி வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றார். நான் முதலிலிருந்து இன்னொரு தரம் சொன்னேன்.